ஒரே மாடல் போன் 14, ஆளு 11, நாலு மாசமா லினக்ஸ் போர்ட் நகரவே மாட்டேங்குது. வேலைய எப்படி பிரிச்சுக்கறது?

பூட்லூப்பாண்டி | 6 நாள் முன்னாடி

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல தெரிஞ்ச கடைக்காரர் ஒருத்தர்கிட்ட ஒரே மாடல் பழைய போன் 14 கெடச்சுது. ஸ்னாப்டிராகன் 410, 1 ஜிபி ரேம், பாதி போன்ல பேட்டரி உப்பி பின்மூடி தூக்கிட்டு நிக்குது, அதனால கிட்டத்தட்ட சும்மாவே குடுத்துட்டாரு. இதுல போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் (பழைய போனுக்கான லினக்ஸ்) ஏத்தி எங்க ஏரியா டியூஷன் சென்டர்ல பசங்களுக்கு பைத்தான் பழக குடுக்கலாம்னு ஐடியா. அதோட விக்கில தேடுனா இந்த மாடலுக்கு பேஜே இல்ல, சரி நாமளே போர்ட் பண்ணுவோம், அதாவது இந்த போன்ல ஓடுற மாதிரி மாத்துவோம்னு வீராப்பா ஆரம்பிச்சாச்சு. காலேஜ் ஃபிரண்ட்ஸ், ஆஃபீஸ் ஆளுங்க, ஒரு மீட்டப்ல பாத்தவங்கன்னு 11 பேர் சேந்தோம், வாட்ஸப் க்ரூப் போட்டோம், ஆளுக்கு ஒரு போன் குடுத்தாச்சு (என்கிட்ட நாலு).

நாலு மாசம் ஆச்சு. இப்போதைய நெலம என்னன்னா, ஒருத்தருக்கு மட்டும் யுஎஸ்பி வழியா ஷெல் (கமாண்ட் அடிக்கற எடம்) வருது. நாலு பேருக்கு லோகோ வரைக்கும் வந்து அப்புறம் கருப்பு. மூணு பேர் போன இன்னும் டப்பாவ விட்டே எடுக்கல. மிச்ச ரெண்டு பேரு டச்ஸ்கிரீனுக்கு டிவைஸ் ட்ரீ (எந்த சிப் எங்க இருக்குன்னு லினக்ஸுக்கு சொல்ற ஃபைல்) எழுதுறேன்னு தனித்தனி ப்ராஞ்ச் (கோடோட தனி காப்பி) போட்டு, ஒருத்தன் சிப் அட்ரஸ் 38ங்குறான், இன்னொருத்தன் 5டிங்குறான், ரெண்டு பேரும் என்னோடதுதான் ஓடுது உன்னோடது ஓடலன்னு ஸ்க்ரீன்ஷாட்டா போட்டு சண்ட. போன வாரம் ஒருத்தன் க்ரூப்ப விட்டே போயிட்டான். எந்த லாக் (போன் எழுதுற பதிவு) கோடோட எந்த கமிட்டுக்குன்னு (எந்த மாத்தத்துக்குன்னு) யாருக்கும் தெரியல, குட்மார்னிங் படத்துக்கு நடுவுல எல்லாம் பொதஞ்சு கெடக்கு.

வேலைய எப்படி பிரிக்கறது? டிக்கெட் டூல் ஏதாச்சும் போடணுமா? வாரா வாரம் மீட்டிங் வெக்கலாமா? நான் மேனேஜர் வேலையெல்லாம் பாத்ததில்ல, ஆஃபீஸ்ல என்னையே நாலு பேர் மேய்க்கறாங்க.

---

சீரியல்கன்சோல் | 6 நாள் முன்னாடி

தம்பி, டிக்கெட் டூல் கதையெல்லாம் அப்புறம். 14 போன்ல எத்தன போனுக்கு சீரியல் கன்சோல் (பூட் ஆகும்போது போன் சொல்றத ஒயர் வழியா கம்ப்யூட்டர்ல படிக்கற வழி) எடுத்திருக்கீங்க? நீங்க எழுதுனத பாத்தா பூஜ்யம்னு தோணுது.

போர்ட் பண்ற வேலைல ஆரம்பக் கட்டம் இருக்கே, பூட் ஆகி மொத வரி கண்ணுல படுற வரைக்கும், அத பத்து பேருக்கு பங்கு போட முடியாது. ஸ்கிரீன் கருப்பா இருக்கும்போது கர்னல் (லினக்ஸோட மையம்) செத்துச்சா, டிஸ்ப்ளே மட்டும் செத்துச்சா, இல்ல கர்னல ஏத்தி விடற பூட்லோடரே தூக்கிப் போட்டுச்சான்னு எப்படி தெரியும்? ஆளுக்கு ஒரு ஊகம் சொல்லுவாங்க, அதுதான் உங்க க்ரூப்ல நாலு மாசமா நடந்திருக்கு. ஒரு ஆளு, மிஞ்சிப்போனா ரெண்டு பேரு, ஒரே மேஜைல ஒக்காந்து, ஒரு போன பிரிச்சு, போர்டுல யுவார்ட் (சீரியல் லைன்) டெஸ்ட் பேட் எங்கன்னு தேடி ரெண்டு ஒயர் சால்டர் பண்ணி 115200 ஸ்பீடுல லாக் எடுக்கட்டும். மத்தவங்க அது வரைக்கும் நிம்மதியா தூங்கலாம், தப்பே இல்ல.

ஒரு எச்சரிக்க. இந்த சிப்புல யுவார்ட் 1.8 வோல்ட். கடைல சாதாரணமா கெடைக்கற யுஎஸ்பி டு சீரியல் அடாப்டர் 3.3 வோல்ட், சிலது 5. நான் மொத போர்டுல 3.3அ அப்படியே சொருகிட்டேன். லாக் வந்துச்சு, ஆஹா வந்துருச்சேன்னு சந்தோஷமா டீ போடப் போயி திரும்பி வந்து பாத்தா ஆர்எக்ஸ் பின் செத்துப் போச்சு, போன் பேசுது, நான் பேசுனா அதுக்கு கேக்கல. அந்த போன இன்னும் வெச்சிருக்கேன், ஒருவழிப் போக்குவரத்து. 1.8க்கு மாத்தற வசதி உள்ள அடாப்டர் வாங்குங்க, இல்ல நடுவுல வோல்ட்ட மாத்தற லெவல் ஷிஃப்டர் போடுங்க.

இன்னொண்ணு. உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கு, இந்த சிப்புக்கு பாதிக்கு மேல வேலைய ஊர்ல ஏற்கனவே செஞ்சு வெச்சிட்டாங்க. டிராகன்போர்டு 410சின்னு 2015ல ஒரு டெவலப்மெண்ட் போர்டு வந்துச்சு, அதுக்காக மெயின்லைன் கர்னலுக்குள்ள (எல்லாருக்கும் பொதுவான ஒரிஜினல் கர்னல்) போன கோடு தான் இன்னிக்கு இந்த சிப் வெச்ச போன் எல்லாத்துக்கும் சோறு போடுது. க்ளாக், யுஎஸ்பி, எம்எம்சி, ரெகுலேட்டர் எல்லாம் ரெடி. உங்க போனுக்குன்னு எழுத வேண்டியது டிவைஸ் ட்ரீ, பேனல் (டிஸ்ப்ளே) டிரைவர், அப்புறம் சில்லற வேல. ஆக 11 பேர் கர்னல் எழுத வேண்டிய அவசியமே இல்ல.

---

மொட்டமாடி | 6 நாள் முன்னாடி

எதுக்குங்க இவ்ளோ கஷ்டம், கம்பெனி குடுத்த பழைய 3.10 கர்னலயே வெச்சு மேல லினக்ஸ் ஏத்தி பசங்ககிட்ட குடுத்துட்டு போங்க. பைத்தான் தானே கத்துக்கப் போறாங்க, கர்னல் வெர்ஷன் பாத்தா கத்துக்கப் போறாங்க.

---

சீரியல்கன்சோல் | 6 நாள் முன்னாடி

@மொட்டமாடி, பொழுதுபோக்குக்கு ஒரு வாரம் ஓட்டணும்னா ஓட்டலாம். ஆனா கம்பெனி அந்த கர்னல ஒரு ஜிப்பா தூக்கிப் போட்டுட்டு போயிருப்பான், ஹிஸ்டரி கெடையாது, எவன் எத ஏன் மாத்துனான்னு தெரியாது. மேல ஏத்துற சாஃப்ட்வேர் புதுசாக ஆக கீழ ஒவ்வொண்ணா ஒடையும், ஒடையும்போது கேக்க ஆளு கெடையாது. ஆனா தம்பி, அந்த கர்னல் சோர்ஸ கீழ போட்றாதீங்க, எந்த பின் எதுக்கு போகுதுன்னு அதுல தான் இருக்கு. சோர்ஸ குடுத்தே ஆகணும்னு சொல்ற ஜிபிஎல் லைசென்ஸ் புண்ணியம்.

---

பழையசாதம் | 5 நாள் முன்னாடி

அக்கா சொன்னதுக்கு ஒரு வரலாற்று சாட்சி. லினக்ஸ் 386 பிசிய விட்டு வெளிய வந்த கதை தெரியும்ல? 1994 மே மாசம் நியூ ஆர்லியன்ஸ்ல டெக் (டிஜிட்டல் எக்விப்மெண்ட்) கம்பெனி மெஷின் யூஸ் பண்றவங்க மாநாடு, அங்க ஜான் ஹால், எல்லாரும் மேட்டாக்னு கூப்புடுவாங்களே அவரு, லினக்ஸ ஆரம்பிச்ச லினஸ பாத்துட்டு டெக் கம்பெனிக்குள்ள பேசி அவருக்கு ஆல்ஃபான்னு அவங்க சொந்த சிப் போட்ட ஒரு மெஷின் வாங்கிக் குடுத்தாரு. கமிட்டி வெச்சு வேலைய பிரிக்கல, வேல செய்யத் தெரிஞ்சவன் கையில மெஷின குடுத்தாரு, அவ்ளோதான். 1995 மார்ச்ல 1.2 கர்னல் வரும்போது ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் மூணும் உள்ள இருந்துச்சு.

ஆனா நான் வேற கோணத்துல சொல்ல வந்தேன். நான் டெபியன்ங்குற லினக்ஸோட ரிஸ்க்-வி (ஒரு புது சிப் வகை) போர்ட்ல ஓரமா நின்னு கொஞ்ச நாள் கல்லு மண்ணு சொமந்தவன். அங்க நெலம உங்களுக்கு நேர் எதிர்: பூட் ஆயிடுச்சு, இனிமே ஆயிரக்கணக்கான பேக்கேஜ் பில்ட் ஆகணும். இங்க தான் கூட்டம் வேணும், இங்க தான் கூட்டத்த மேய்க்கத் தெரியணும். நான் சேந்த புதுசுல செஞ்ச முட்டாள்தனம் என்னன்னா ஃபெயில் ஆன பேக்கேஜ் லிஸ்ட்ட எடுத்து அ-வுல இருந்து வரிசையா பாக்க ஆரம்பிச்சேன். நாலு நாளுக்கு அப்புறம் ஒருத்தர் பொறுமையா சொன்னாரு, பேரு வாரியா பிரிக்காத, காரணம் வாரியா பிரின்னு. லாக்க தெறந்து பாத்தா பாதி ஒரே வியாதி: லிங்க் பண்ணும்போது அட்டாமிக் லைப்ரரி சேக்கல, இல்லன்னா பேக்கேஜுக்குள்ள இருக்குற கான்ஃபிக் ஸ்கிரிப்ட் ஏதோ ஆதிகாலத்துது, ரிஸ்க்-வின்னு ஒரு ஆர்க்கிடெக்சர் இருக்கறதே அதுக்குத் தெரியாது. ஒரு காரணத்துக்கு ஒரு ஆளுன்னு குடுத்தா அவன் கை பழகி மடமடன்னு போகும், அதயே பேரு வாரியா பிரிச்சா பத்து பேரும் அதே பாடத்த பத்து தடவ படிப்பாங்க. இன்னொரு வம்பு, க்யூஇஎம்யூ எமுலேட்டர்ல ஃபெயில் ஆகுற டெஸ்ட்டு நெஜ போர்டுல பாஸ் ஆகும், அது தெரியாம ரெண்டு ராத்திரி போச்சு எனக்கு.

ரிஸ்க்-வி 2018ல டெபியன் போர்ட்ஸ்ல (அஃபிஷியல் ஆகாத போர்ட்டெல்லாம் இருக்குற எடம்) ஏறுனது, 2023 ஜூலைல தான் அஃபிஷியல் ஆர்க்கிடெக்சர் ஆச்சு, 2025 ஆகஸ்ட்ல ட்ரிக்ஸியோட (டெபியன் 13) தான் மொத ஸ்டேபிள் ரிலீஸ். ஏழு வருஷம் சார். நாலு மாசத்துக்கு மூஞ்ச தூக்காதீங்க.

அப்புறம் டெபியன்ல எனக்குப் பிடிச்ச ஒரு பழக்கம், ரிலீஸுக்கு முன்னாடி ரோல் கால் மாதிரி ஒண்ணு வெப்பாங்க. இந்த ஆர்க்கிடெக்சர பாத்துக்க யாரு இருக்கீங்க, என்ன செய்வீங்க, பேரு குடுங்கன்னு. பள்ளிக்கூட அட்டெண்டன்ஸ் மாதிரி "உள்ளேன் ஐயா" சொல்லணும். ஆளு இல்லன்னா அந்த போர்ட் ரிலீஸ்ல இருந்து கழண்டுடும். எம்68கேன்னு பழைய மோட்டோரோலா சிப்புக்கு ஒரு போர்ட், டெபியன் மொதமொதல்ல இன்டெல்ல விட்டு வெளிய போனதே அதுல தான், அவ்ளோ பழம்பெரும் குடும்பம், 2007 எட்ச் ரிலீஸ்ல அதயே வெளிய விட்டுட்டாங்க, மெஷின் மெதுவா இருந்து பில்ட் பின்தங்கிடுச்சு. உங்க க்ரூப்லயும் மாசம் ஒரு தடவ அட்டெண்டன்ஸ் எடுங்க. டப்பாவ பிரிக்காத மூணு பேர்கிட்ட கோச்சுக்காம போன திருப்பி வாங்கி வேற ஆளுக்கு குடுங்க. போர்ட்டிங்ல பெரிய பாவம் அலமாரில தூங்குற ஹார்ட்வேர்.

---

கோயமுத்தூர்க்காரன் | 5 நாள் முன்னாடி

ஏனுங்க பாண்டி, எல்லாரும் ஆள பத்தியே பேசறாங்க, நான் போன பத்தி ஒண்ணு கேக்கறேன். 14ம் ஒரே மாடல்னு சொன்னீங்க, 14ம் ஒரே போனுன்னு யாருங்க சொன்னது?

இந்த காலத்து பட்ஜெட் போன் கம்பெனிக எல்லாம் டிஸ்ப்ளேவ ரெண்டு மூணு பக்கம் வாங்குவாங்க. எவன் இந்த மாசம் சல்லிசா தர்றானோ அவன்கிட்ட. டப்பா ஒண்ணு, மாடல் நம்பர் ஒண்ணு, உள்ள பேனல் வேற வேற. கம்பெனி கர்னல்ல ரெண்டு பேனலுக்கும் கோடு இருக்கும், பூட்லோடர் எது மாட்டியிருக்குன்னு பாத்து கர்னலுக்கு சொல்லிடும், அதனால ஆண்ட்ராய்டுல யாருக்கும் வித்தியாசமே தெரியாது. நீங்க மெயின்லைனுக்கு ஒரே ஒரு பேனல் டிரைவர் எழுதியிருப்பீங்க, அது யாரு போன பாத்து எழுதுனீங்களோ அந்த ஜாதி போன்ல மட்டும் தான் படம் காட்டும், மத்ததுல எல்லாம் கருப்பு தானுங்க.

பாக்கறது ஈசி. ரெகவரிக்குள்ள போயி ஏடிபி (கம்ப்யூட்டர்ல இருந்து போன்கிட்ட பேசற டூல்) ஷெல்ல எடுத்து ப்ராக் டைரக்டரில சிஎம்டிலைன்னு ஒரு ஃபைல் (/proc/cmdline) இருக்கும், அத கேட் கமாண்ட் போட்டு படிங்க. நீளமா ஒரு வரி வரும், அதுல பேனல் பேரு இருக்கும். 14 போன்லயும் எடுத்து ஒரு ஷீட்ல போடுங்க, இந்தப் போனு இந்தப் பேனலு இன்னார்கிட்ட இருக்குன்னு. போன் முதுகுல மார்க்கர்ல நம்பர் எழுதிருங்க, இல்லீன்னா கலந்துடும்.

அந்த டச் சண்டையயும் எனக்கு சந்தேகமா இருக்குதுங்க. 38 ஃபோக்கல்டெக் சிப்புக்கு வர்ற அட்ரஸ். 5டி குடிக்ஸுக்கு வர்றது. டிஸ்ப்ளேவும் டச்சும் ஒட்டி ஒரே மாட்யூலா தான் வரும்... மிச்சத்த நீங்களே பாத்துக்கோங்க.

---

பூட்லூப்பாண்டி | 5 நாள் முன்னாடி

அய்யோ.

நான் இத யோசிக்கவே இல்ல. இன்னிக்கு நைட்டு என்கிட்ட இருக்குற நாலுலயும் எடுத்துப் பாத்துட்டு வரேன். @சீரியல்கன்சோல் அக்கா, ஆமா, சீரியல் பூஜ்யம் தான் :( அடாப்டர் 1.8 வோல்ட் ஆர்டர் போட்டாச்சு.

---

பழையசாதம் | 4 நாள் முன்னாடி

பாண்டி போன தேடிட்டு வர்றதுக்குள்ள இன்னும் ஒண்ணு, ஏன்னா நீங்க நல்ல புள்ளயா எல்லா பாரத்தையும் தூக்கப் போறீங்கன்னு உங்க போஸ்ட்ட பாத்தாலே தெரியுது.

மேக் எம்1 சிப்புக்கு லினக்ஸ் கொண்டு போன ஆசாஹி டீம் தெரியும்ல. ஆப்பிள்கிட்ட இருந்து ஒரு பக்க டாக்குமெண்ட் கெடையாது. எம்1என்1னு சொந்தமா ஒண்ணு எழுதி, அதுக்கு மேல மேக்ஓஎஸ்ஸயே ஓட விட்டு, அது ஹார்ட்வேர் கூட என்ன பேசுதுன்னு ஒட்டுக்கேட்டு கண்டுபிடிச்சாங்க. 2020 நவம்பர்ல சிப் வந்துச்சு, 2022 மார்ச்ல மொத ஆல்ஃபா (சோதனை) ரிலீஸ். அவ்ளோ பெரிய வேலைய ஆரம்பிச்சு நடத்துன ஹெக்டர் மார்ட்டின் 2025 பிப்ரவரில முடியலப்பான்னு வெலகிட்டாரு. அவரு எழுதுன காரணத்துல கர்னல் ஆளுங்களோட இழுபறி ஒரு பக்கம், இன்னொரு பக்கம் "அது எப்போ வரும், இது ஏன் இன்னும் வரல"ன்னு சும்மா வாங்கிட்டு அதட்டுற கூட்டம். ஆனா ப்ராஜெக்ட் சாகல, ஏழு பேர் கூட்டா பொறுப்பு எடுத்துக்கிட்டாங்க, ஏன்னா கோடு, டாக்குமெண்ட், சாவி எதுவும் ஒரே ஆளு பைக்குள்ள இல்ல.

உங்க கிட் ரெப்போவுக்கு (கோடு எல்லாம் சேத்து வெக்கற எடம்) அட்மின் எத்தன பேரு? நீங்க மட்டும்னா இன்னிக்கே ரெண்டாவது ஆள போடுங்க. டிக்கெட் டூல் வாங்கறதுக்கு முன்னாடி இது.

வாட்ஸப்ப மூடச் சொல்ல மாட்டேன், மூட முடியாது, அரட்ட அங்க தான் நடக்கும். ஆனா லாக் எதுவும் அங்க வரக்கூடாதுன்னு ஒரே ஒரு சட்டம் போடுங்க. லாக்குன்னா ரெப்போல ஒரு ஃபோல்டர், ஃபைல் பேருல போன் நம்பரும் கமிட்டும் இருக்கணும். ஃபோட்டோ புடிச்சு அனுப்புன லாக்க யாரும் பாக்க மாட்டோம்னு கறாரா சொல்லிடுங்க. மொதல்ல முணுமுணுப்பாங்க, ரெண்டு வாரத்துல பழகிடும்.

---

மொட்டமாடி | 4 நாள் முன்னாடி

நான் கோடு எழுதாத ஆளு, அதான் மொத பதில்ல சுளுவா சொல்லிட்டேன் போல. ஆனா என்ன மாதிரி ஆளுக்கு இதுல வேல இருக்கா? சும்மா கேக்கறேன், எங்க வீடு சென்னைல அண்ணா நகர் பக்கம் தான்.

---

கோயமுத்தூர்க்காரன் | 4 நாள் முன்னாடி

@மொட்டமாடி, இருக்குதுங்க, உங்கள மாதிரி ஆளு தான் கெடைக்கறதில்ல. டெஸ்டிங். புதுசா இமேஜ் (போன்ல ஏத்தற ரெடி ஃபைல்) வந்தா ஃப்ளாஷ் பண்ணோணும், அப்புறம் வைஃபை வருதா, சார்ஜ் ஏறுதா, ஆடியோ வருதா, ராத்திரி வெச்சா காலைல முழிக்குதா, ஒவ்வொண்ணா பாத்து எழுதோணும். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் விக்கில ஒவ்வொரு போனுக்கும் இப்படி ஒரு டேபிள் இருக்கும், எது ஓடுது, எது அரகொற, எது ஓடல, எது யாருமே பாக்கலன்னு. அந்த "யாருமே பாக்கல" தான் பாதி போர்ட்ட கொல்றது. கோடு எழுதறவன் தன்னோட கோட டெஸ்ட் பண்ணுனா ஓடுற பாதைல தான் நடப்பான்.

ஒண்ணே ஒண்ணு, பேட்டரி உப்புன போன டெஸ்டுக்கு குடுத்துறாதீங்க, சார்ஜ்ல போட்டு ராத்திரி தலமாட்டுல வெச்சுட்டு தூங்கற வேலையும் ஆகாது. புது பேட்டரி மாட்டுனதுக்கு அப்புறம் தான்.

---

பூட்லூப்பாண்டி | நேத்து

வந்துட்டேன். ரெண்டு நாள் ஊரெல்லாம் பைக்ல சுத்தி 14 போனையும் பாத்தாச்சு, மூணு டப்பாவையும் சேத்து.

9 போன்ல ஒரு பேனல், 5 போன்ல வேற பேனல். முதுகுல மார்க்கர்ல 1ல இருந்து 14 வரைக்கும் எழுதியாச்சு. ஷெல் வந்த போன் இந்த 5ல ஒண்ணு, டிரைவர் அதப் பாத்து எழுதுனது, லோகோவோட கருப்பாகுற நாலு போனும் அந்த 9ல வருது. போன் செத்திருக்கவே இல்ல! யுஎஸ்பி சொருகி பாத்தா அதுல ரெண்டு போன் பாட்டுக்கு உள்ள பூட் ஆகி ஐபி வாங்கிட்டு ஒக்காந்திருக்கு, படம் மட்டும் தான் காட்டல. நாலு மாசமா அந்த ஆளுங்க ஒவ்வொரு தடவையும் பவர் பட்டன அமுக்கி அமுக்கி அணச்சிருக்காங்க.

டச் விஷயம் கேட்டா சிரிப்பீங்க. 9 போன்ல ஃபோக்கல்டெக், 38. 5 போன்ல குடிக்ஸ், 5டி. பழைய கர்னல் ரெண்டு டிரைவரையும் வெச்சுக்கிட்டு எந்த சிப் பதில் சொல்லுதோ அத எடுத்துக்குது, லாக்ல தெளிவா இருக்கு. ரெண்டு பசங்களும் எழுதுனது ரெண்டும் கரெக்ட்டு. ஒருத்தன் போன் நம்பர் 6, இன்னொருத்தன் 11. நான் நடுவுல பூந்து போன மாசம் 38 ப்ராஞ்ச மெர்ஜ் பண்ணி 5டிய குப்பைல போட்டேன், அதான் அவன் க்ரூப்ப விட்டு போனான். நேத்து நைட்டு போன் பண்ணி மன்னிப்பு கேட்டேன். மொதல்ல அஞ்சு நிமிஷம் திட்டுனான், அப்புறம் "ப்ராஞ்ச டெலீட் பண்ணிட்டேன்டா, ஆனா லேப்டாப்ல இருக்கு"ன்னு சொன்னான்.

@கோயமுத்தூர்க்காரன் அண்ணா, ரெண்டு பேனலையும் எப்படி ஒரே இமேஜ்ல வெக்கறது? தனித்தனி இமேஜா போடணுமா?

@மொட்டமாடி, 3ம் நம்பர் போன் உங்களுக்கு. பேட்டரி நல்லா இருக்கு.

---

கோயமுத்தூர்க்காரன் | நேத்து

தனி இமேஜ் வேண்டாங்க, நாளைக்கு எது எதுக்குன்னு கொழம்பிப் போகும். எல்கே2என்டின்னு ஒரு பூட்லோடர் இருக்குது, போனோட சொந்த பூட்லோடருக்கும் கர்னலுக்கும் நடுவுல ஒக்காரும். உங்க போன அதுல சேத்து ரெண்டு பேனல் பேரையும் எழுதி வெச்சுட்டா, எது மாட்டியிருக்குதுன்னு அது பாத்து கர்னலுக்கு குடுக்கற டிவைஸ் ட்ரீல மாத்தி விட்டுரும். ரெண்டாவது பேனலுக்கு டிரைவர் கையால எழுத வேண்டியதில்ல, பழைய கர்னலோட டிவைஸ் ட்ரீல இருந்து ஜெனரேட் பண்ற ஸ்கிரிப்ட் இருக்குது, தேடுங்க, கெடைக்கும். ஜெனரேட் ஆனத அப்படியே நம்பிடாம ரீசெட் டைமிங்க ஒருக்கா பாத்துருங்க.

---

சீரியல்கன்சோல் | இன்னிக்கு

நல்லாருக்கு தம்பி. இப்போ தான் உங்களுக்கு கூட்டம் தேவைப்படுது, இனிமே பிரிக்கலாம். ஒருத்தர் பேனல், டச் ரெண்டும் அந்த பசங்களே ஆளுக்கு ஒண்ணு, ஒருத்தர் வைஃபை, ஒருத்தர் ஆடியோ. சார்ஜிங்க மட்டும் அனுபவம் உள்ள ஆள்கிட்ட குடுங்க, அது தப்பானா லாக் வராது, பொக வரும்.

ஒவ்வொரு துண்டும் ஓடுனவுடனே அப்ஸ்ட்ரீம் (மெயின்லைன் கர்னல் ஆளுங்களுக்கு) அனுப்பற பழக்கம் வெச்சுக்கோங்க, எல்லாம் முடியட்டும்னு சேத்து வெக்காதீங்க. கர்னல் ஒரு வெர்ஷனுக்கு ஒம்பது பத்து வாரம், புது கோடு உள்ள போற ஜன்னல் அதுல ரெண்டே வாரம் தான் தெறந்திருக்கும், மெயின்டெய்னர் அதுக்கு முன்னாடியே பாத்து எடுத்து வெச்சிருக்கணும். மொத பேட்ச்சுக்கு (அனுப்பற கோடு மாத்தம்) பதில் எப்படியும் "இந்த வரிசைய மாத்து, அந்த பேர மாத்து"ன்னு தான் வரும், பசங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க, திட்டுறாங்கன்னு நெனச்சுக்க போறாங்க. 5டி பையன் பேர்ல சைன்ட்-ஆஃப் லைன் (கோடு அனுப்பறவன் போடற கையெழுத்து) போகட்டும், நீங்க மெர்ஜ் பண்ணி உங்க பேர்ல அனுப்பிடாதீங்க, மறுபடி க்ரூப்ப விட்டு போயிடுவான்.

அடாப்டர் வந்துச்சா?

---

பூட்லூப்பாண்டி | இன்னிக்கு

வந்துச்சுக்கா. 1.8தான்னு மல்ட்டிமீட்டர் வெச்சு மூணு தடவ பாத்துட்டேன். ஞாயித்துக்கெழம காலைல 7ம் நம்பர் போன பிரிக்கறோம். நல்ல மெல்லிசு சால்டரிங் டிப் இருக்குறவங்க சென்னைல யாராச்சும் ஒரு நாள் கடன் குடுப்பீங்களா, என்னோடது குச்சி மாதிரி இருக்கு, ஒரு பேட தொட்டா மூணு பேடு சேந்துக்குது.